தன் இதழில் தானே எழுதலாமா? ஆய்விதழ்களில் ஆதாய முரண் பற்றி ஒரு விளக்கம்

2020 மார்ச் 16ஆம் தேதி பிரான்சின் மார்செய் நகரிலிருந்து ஓர் ஆய்வுக் கட்டுரை 'இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் ஆன்டிமைக்ரோபியல் ஏஜென்ட்ஸ்' என்ற இதழுக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாளே அது ஏற்கப்பட்டது. 20ஆம் தேதி இணையத்தில் வெளிவந்தது. கோவிட் நோயாளிகளுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் கொடுத்தால் வைரஸ் வேகமாகக் குறைகிறது என்று அது சொன்னது. மொத்தமே 36 பேரை வைத்துச் செய்த ஆய்வு. அதில் மருந்து பெற்றவர்கள் 20 பேர். மருந்து தொடங்கிய இன்னும் 6 பேர் முடிவுக் கணக்கில் வரவில்லை. அந்த 6 பேரில் மூவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்பட்டவர்கள், ஒருவர் இறந்துபோனவர்.

மார்ச் 21 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப் இந்த மருந்தைப் புகழ்ந்து ட்விட்டரில் எழுதினார். மார்ச் 22 தேதியிட்ட பரிந்துரையில், கோவிட் நோயாளிகளைக் கவனிக்கும் சுகாதாரப் பணியாளர்கள் தடுப்பு மருந்தாக இதை எடுத்துக்கொள்ளலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொன்னது. மார்ச் 25 அன்று இந்தியா இதன் ஏற்றுமதிக்குத் தடை போட்டது. இத்தனைக்கும் அந்த ஒரு கட்டுரை மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் உலகம் முழுக்க இந்த மாத்திரைக்கு ஏற்பட்ட பரபரப்பில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. லூபஸ் என்ற நோய் எதிர்ப்புக் கோளாறுக்கும் முடக்குவாதத்துக்கும் தினமும் இதை எடுத்துவந்தவர்கள் கடை கடையாக அலைந்தார்கள். ஜூன் மாதம் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு, மருத்துவமனையில் இருக்கும் நோயாளிகளுக்கு இதனால் பலன் இல்லை என்று அறிவித்தது.

மார்செய் கட்டுரையை இதழ் திரும்பப் பெற்றது 2024 டிசம்பரில்தான். அதற்குள் மற்ற ஆய்வாளர்கள் அதை 3,000 முறைக்கு மேல் மேற்கோள் காட்டியிருந்தார்கள்.

இந்தக் கதையில் பலரும் கவனிக்காத ஒரு விவரம் இருக்கிறது. கட்டுரையை எழுதியவர்களில் ஒருவரான ழான்-மார்க் ரோலான்தான் அப்போது அந்த இதழின் தலைமை ஆசிரியர். 2020 ஏப்ரலில், அதைத் தன் அதிகாரபூர்வ இதழாகக் கொண்ட விஞ்ஞானிகள் சங்கம் ஓர் அறிக்கை விட்டது. கட்டுரை தங்கள் தரத்துக்கு இல்லை என்று அதில் ஒப்புக்கொண்டது. கூடவே, மதிப்பீட்டில் தலைமை ஆசிரியர் கலந்துகொள்ளவில்லை, இணை ஆசிரியர் ஒருவரிடம் அந்தப் பொறுப்பு கொடுக்கப்பட்டது என்றும் சொன்னது.

அப்படியானால் எல்லாம் சரிதானா? தன் இதழில் தானே எழுதலாமா? 'கலந்துகொள்ளவில்லை' என்றால் உண்மையில் என்ன பொருள்? இதற்கெல்லாம் பதில் தெரிய, ஓர் ஆய்விதழின் அலுவலகத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

## முதலில் சொற்கள்

தமிழில் 'ஆசிரியர்' என்பது எழுதியவரையும் குறிக்கும், இதழை நடத்துபவரையும் குறிக்கும். குழப்பம் வராமல் இருக்க, இங்கே ஆசிரியர் என்றால் இதழாசிரியர் மட்டும்தான். எழுதியவரைக் கட்டுரையாளர் என்று சொல்கிறேன். கட்டுரையைப் படித்துக் குறை நிறை சொல்லும் அதே துறை ஆய்வாளர் மதிப்பீட்டாளர். பெரும்பாலும் அவர் பெயர் கட்டுரையாளருக்குத் தெரியாது, அவருக்குச் சம்பளமும் கிடையாது.

ஆதாய முரண் என்பது ஒரு நிலைமையின் பெயர். ஒருவர் நடுநிலையாக முடிவெடுக்க வேண்டிய இடத்தில் இருக்கிறார்; அதே முடிவால் அவருக்கோ அவரைச் சேர்ந்தவர்களுக்கோ லாபமோ நட்டமோ வரும். கிரிக்கெட் செய்திகளில் இதை 'இரட்டை ஆதாயம்' என்று படித்திருப்பீர்கள். சென்னை சூப்பர் கிங்ஸ் அணியை வைத்திருந்த நிறுவனத்தை நடத்தியவரே இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் தலைவராகவும் இருந்தார். வாரிய நிர்வாகிகள் ஐ.பி.எல். அணிகளில் வணிக ஆதாயம் வைத்துக்கொள்ள இடம் தந்த விதித் திருத்தத்தை 2015 ஜனவரி 22 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சூதாட்ட விவகாரத்தை அவர் மூடி மறைத்தார் என்ற குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. இரண்டு நாற்காலியில் ஒரே ஆள் உட்கார்ந்திருப்பதே போதுமான பிரச்சினை என்பதுதான் அதன் அடிப்படை.

ஆய்விதழ் விஷயத்திலும் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆதாய முரண் இருக்கிறது என்று சொன்னால் ஒருவரைத் திருடர் என்று சொன்னதாக ஆகாது. அவர் எடுத்த முடிவு நேர்மையானதுதான் என்று வெளியில் இருப்பவர்கள் நம்புவதற்கு வழி இல்லாமல் போகிறது என்றுதான் பொருள்.

## அலுவலகத்தில் யார் யார்?

1. தலைமை ஆசிரியர். பெரும்பாலான இதழ்களில் இவர் எங்கோ ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். இதழ் வேலை அவருக்குப் பகுதிநேரம். சிறு மதிப்பூதியம் கிடைக்கும், சில இதழ்களில் அதுவும் கிடையாது. 'நேச்சர்', 'சயின்ஸ்' போன்ற சில இதழ்களில் மட்டும் ஆசிரியர்கள் முழுநேர ஊழியர்கள். அவர்கள் சொந்தமாக ஆய்வுக்கூடம் நடத்துவதில்லை.

2. இணை ஆசிரியர். துறைவாரியாகக் கட்டுரைகளைக் கையாள்பவர். இவரை நியமிப்பதும் நீட்டிப்பதும் பொதுவாகத் தலைமை ஆசிரியரின் கையில் இருக்கும். இந்த ஒரு விவரம் பின்னால் முக்கியமாகும்.

3. நிர்வாக ஆசிரியர். வெளியில் அதிகம் தெரியாத ஆள். இதழை வைத்திருக்கும் பதிப்பகத்திலோ சங்கத்திலோ சம்பளம் வாங்குபவர். வந்த கட்டுரை விதிப்படி இருக்கிறதா என்று பார்ப்பது, திருட்டு எழுத்தா என்று மென்பொருளில் சோதிப்பது, மதிப்பீட்டாளர்களுக்கு அழைப்பு அனுப்புவது, தாமதமானால் நினைவூட்டுவது, எந்தக் கட்டுரை எந்த இதழில் வரும் என்று வரிசைப்படுத்துவது எல்லாம் இவர் வேலை. அறிவியல் முடிவு எடுப்பவர் இவர் இல்லை என்பார்கள். ஆனால் மதிப்பீட்டாளர்களின் உண்மைப் பெயர், யார் என்ன எழுதினார், ஆசிரியர் யாரிடம் எந்தக் கோப்பை மாற்றினார் என்ற எல்லாமே இவருக்குத் தெரியும். பல அலுவலகங்களில் மதிப்பீட்டாளர் பெயர்களை முதலில் தேடி எடுத்துத் தருபவரே இவர்தான்.

4. விருந்தினர் ஆசிரியர். சிறப்பிதழ் ஒன்றுக்கு மட்டும் அழைக்கப்படுபவர். அந்த இதழ் முடிந்ததும் போய்விடுவார்.

ஒரு கட்டுரையின் விதி இறுதிக் கையெழுத்தில் மட்டும் தீர்மானமாவதில்லை. மதிப்பீட்டுக்கே அனுப்பாமல் திருப்பலாமா என்ற முதல் கட்டத்திலேயே ஏராளமான கட்டுரைகள் கழிந்துவிடும். அதைத் தாண்டினால், யாரிடம் அனுப்புவது என்ற தேர்வு. கண்டிப்பானவர் யார், தாராளமாகச் சரி சொல்பவர் யார் என்று துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். அப்புறம், ஒரு மதிப்பீட்டாளர் வேண்டாம் என்றும் இன்னொருவர் வேண்டும் என்றும் எழுதினால் மூன்றாவது ஆளிடம் கேட்பதா, இத்தோடு விடுவதா என்பது. வேகமும் ஒரு முடிவுதான். ஒரு கட்டுரை ஆறு மாதம் காத்திருக்க, இன்னொன்று ஒரே நாளில் கடந்துபோவதை யாரோ ஒருவர்தான் சாத்தியமாக்குகிறார்.

## ஆதாயம் எந்தெந்த வழியில் வருகிறது?

### 1. தன் கட்டுரை, தன் இதழ்

இதில் எல்லோரும் எடுத்துக்காட்டும் சம்பவம் எல்செவியர் பதிப்பகத்தின் 'கேயாஸ், சாலிட்டான்ஸ் அண்ட் ஃப்ராக்டல்ஸ்' என்ற இதழில் நடந்தது. அதன் தலைமை ஆசிரியர் முகமது எல் நாஷி. 2008 டிசம்பர் இதழில் இருந்த 36 கட்டுரைகளில் 5 அவருடையவை என்றும், அந்த ஒரே ஆண்டில் ஏறக்குறைய 60 கட்டுரைகளை அவர் தன் இதழில் வெளியிட்டிருந்தார் என்றும் 'நேச்சர்' செய்தி வெளியிட்டது. முறையான மதிப்பீடு நடந்ததா என்றும் கேட்டது. எல் நாஷி லண்டனில் அவதூறு வழக்குப் போட்டார். 2012 ஜூலையில் வழக்கு தள்ளுபடியானது; 'நேச்சர்' எழுதியது சாராம்சத்தில் உண்மை என்று நீதிபதி தீர்ப்பு எழுதினார்.

அது உச்சம். சாதாரண நிலவரம் எப்படி? 'பிளோஸ் பயாலஜி' இதழில் 2021இல் வந்த ஓர் ஆய்வு, 2015 முதல் 2019 வரை 5,468 உயிர்மருத்துவ இதழ்களை எடுத்துக்கொண்டது. ஒவ்வோர் இதழிலும் அதிகம் எழுதிய நபர் மொத்தக் கட்டுரைகளில் எத்தனை சதவீதத்தில் இருக்கிறார் என்று கணக்கிட்டது. நடுத்தர இதழில் அந்த அளவு 2.9%. ஆனால் உச்சியில் இருந்த 5% இதழ்களில் அது 10.6% அல்லது அதற்கும் மேல். அதாவது பத்துக் கட்டுரையில் ஒன்றுக்கு மேல் ஒரே ஆளின் பெயர். 2023இல் 'நேச்சர் ஹியூமன் பிஹேவியர்' இதழில் வந்த இன்னோர் ஆய்வு, எல்செவியரின் ஆயிரத்துக்கு மேற்பட்ட இதழ்களில் 80,000க்கும் அதிகமான ஆசிரியர்களைப் பின்தொடர்ந்தது. அவர்களில் 12% பேர் தங்கள் கட்டுரைகளில் ஐந்தில் ஒரு பங்கையாவது தாங்கள் நடத்தும் இதழிலேயே வெளியிட்டவர்கள்.

இதில் எல்லாமே மோசடி என்று நினைத்துவிடக் கூடாது. சில துறைகளில் உலகத்துக்கே இரண்டு மூன்று நல்ல இதழ்கள்தான் இருக்கும். அந்தத் துறையின் சிறந்த ஆய்வாளரைத்தான் ஆசிரியராகக் கூப்பிடுவார்கள். அவர் தன் இதழில் எழுதவே கூடாது என்றால் அவருடைய முனைவர் பட்ட மாணவர்கள் எங்கே போவார்கள்? ஆசிரியர் பொறுப்பை ஏற்ற குற்றத்துக்கு மாணவரின் எதிர்காலத்தைத் தண்டிக்க முடியாது. அதனால்தான் பெரும்பாலான இதழ்கள் முழுத் தடை போடாமல், 'எழுதலாம், ஆனால் முடிவில் கலந்துகொள்ளக் கூடாது' என்று விதி வைத்திருக்கின்றன. அந்த விதி எந்த அளவுக்குத் தாங்கும் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

### 2. கம்பெனிப் பணம்

மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் பலரும் மருத்துவர்கள். மருந்து, மருத்துவக் கருவி நிறுவனங்கள் மருத்துவர்களுக்குக் கொடுக்கும் பணத்தை அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டின் சட்டப்படி பொதுவெளியில் பதிவிட வேண்டும். அந்தப் பதிவேட்டை வைத்து 2017இல் பிரிட்டனின் மருத்துவ இதழான 'பி.எம்.ஜே.' ஓர் ஆய்வை வெளியிட்டது. செல்வாக்கு மிக்க 52 இதழ்களின் 713 ஆசிரியர்களில் 50.6% பேர் 2014ஆம் ஆண்டில் இந்த நிறுவனங்களிடம் ஏதோ ஒரு வகையில் பணமோ பொருளோ பெற்றிருந்தார்கள். சராசரி 28,136 டாலர்.

இந்தச் சராசரியை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். எல்லோரையும் தொகை வாரியாக வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் பெற்றது 11 டாலர். ஒரு மதியச் சாப்பாட்டுக் காசு. ஆக, ஏறக்குறைய பாதிப் பேர் எதுவுமே வாங்கவில்லை, மிகச் சிலர் மிகப் பெரிய தொகை வாங்கினார்கள். வாசகருக்குத் தெரிய வேண்டியது அந்த மிகச் சிலர் யார் என்பது.

2006இல் 'நியூரோசைக்கோஃபார்மகாலஜி' இதழில் நடந்ததைப் பாருங்கள். மனச்சோர்வுக்கு நரம்பைத் தூண்டும் ஒரு கருவியைப் பாராட்டி அதில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்களில் முதன்மையானவர் இதழின் தலைமை ஆசிரியரே. கருவியைத் தயாரித்த நிறுவனத்துக்கு அவர் ஆலோசகராகவும் இருந்தார். அந்தத் தொடர்பு கட்டுரையோடு அச்சாகவில்லை. செய்தி வெளியானதும் அவர் ஆசிரியர் பொறுப்பிலிருந்து விலக நேர்ந்தது. முதல் வகையும் இரண்டாம் வகையும் ஒரே இடத்தில் கூடினால் வாசகரைப் பாதுகாக்க யாருமே இல்லாமல் போவதற்கு இது உதாரணம்.

### 3. பதிப்பகத்தின் வருமானம்

நிர்வாக ஆசிரியரை நேரடியாகத் தொடுவது இதுதான். இதைத்தான் ரொம்பக் குறைவாகப் பேசுகிறோம்.

மருத்துவ இதழ்களுக்கு மறுஅச்சு என்று ஒரு வருமானம் உண்டு. தன் மருந்தைப் பற்றி நல்லதாக ஒரு கட்டுரை வந்தால், நிறுவனம் அதன் பிரதிகளை ஆயிரக்கணக்கில் வாங்கி மருத்துவர்களுக்கு விநியோகிக்கும். வையாக்ஸ் என்ற வலி மருந்தைப் பற்றி 2000ஆம் ஆண்டு 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' வெளியிட்ட கட்டுரைக்கு 9 லட்சத்துக்கும் அதிகமான மறுஅச்சுப் பிரதிகள் விற்றன. பெரும்பாலானவற்றை வாங்கியது மருந்தைத் தயாரித்த மெர்க் நிறுவனம். இதய ஆபத்து காரணமாக அந்த மருந்து 2004இல் சந்தையை விட்டுப் போனது. 2005இல் அதே இதழ் தன் கட்டுரையில் மாரடைப்பு விவரங்கள் சில விடுபட்டிருந்ததாகக் கவலைக் குறிப்பு வெளியிட்டது. 2005-06 கணக்கில் 'லான்செட்' இதழின் வருமானத்தில் 41% மறுஅச்சிலிருந்து வந்தது, 'பி.எம்.ஜே.'க்கு அது 3%. எந்தக் கட்டுரை விற்கும் என்பது அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு ஏற்கும்போதே ஓரளவு தெரியும்.

இப்போது இன்னொரு வழி பெரிதாகிவிட்டது. யாரும் இலவசமாகப் படிக்கும் திறந்த அணுக்க இதழ்கள் பலவற்றில் கட்டுரையாளரே வெளியீட்டுக் கட்டணம் கட்டுகிறார். வாசகரின் பையிலிருந்து பணம் எடுக்காத நல்ல ஏற்பாடுதான். ஆனால் இதில் பதிப்பகத்தின் வருமானம் ஏற்கப்பட்ட கட்டுரைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. நிராகரித்தால் வருமானம் பூஜ்யம். அதே பதிப்பகத்தில் சம்பளம் வாங்கும் நிர்வாக ஆசிரியர், மதிப்பீட்டாளர்களை அழைக்கிறார், கெடு வைக்கிறார், விரைவுபடுத்துகிறார். அவர் யாரிடமும் லஞ்சம் வாங்க வேண்டாம், எவருக்கும் உறவாக இருக்க வேண்டாம். அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியே ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது.

2018 ஆகஸ்டில் எம்.டி.பி.ஐ. பதிப்பகத்தின் 'நியூட்ரியன்ட்ஸ்' இதழிலிருந்து தலைமை ஆசிரியர் உட்படப் பத்து மூத்த ஆசிரியர்கள் ஒன்றாக விலகினார்கள். சுமாரான கட்டுரைகளையும் ஏற்கச் சொல்லிப் பதிப்பகம் அழுத்துகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். 2023 ஏப்ரலில் எல்செவியரின் 'நியூரோஇமேஜ்' இதழின் 40க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள், 3,450 டாலர் வெளியீட்டுக் கட்டணம் நியாயமில்லை என்று சொல்லி ஒட்டுமொத்தமாக வெளியேறினார்கள். வேறு பதிப்பகத்தில் 'இமேஜிங் நியூரோசயின்ஸ்' என்று புது இதழும் தொடங்கினார்கள். பேராசிரியர்களால் இப்படி வெளிநடப்பு செய்ய முடிகிறது. அவர்களுக்குப் பல்கலைக்கழகச் சம்பளம் இருக்கிறது. நிர்வாக ஆசிரியருக்கு அந்த வசதி இல்லை. அவர் எதிர்த்தால் வேலை போகும்.

### 4. நேரடி லஞ்சம்

இது ஆதாய முரணைத் தாண்டிய குற்றம். ஆனால் முரணைக் கண்டுகொள்ளாத அலுவலகத்தில்தான் இது எளிதாக நுழைகிறது. காசு வாங்கிக்கொண்டு போலிக் கட்டுரை எழுதி விற்கும் கும்பல்களை 'பேப்பர் மில்' என்கிறார்கள். இந்தக் கும்பல்கள் ஆசிரியர்களுக்குப் பணம் கொடுத்துக் கட்டுரைகளை ஏற்கவைக்க முயல்வதை 2024 ஜனவரியில் 'சயின்ஸ்' இதழும், திரும்பப் பெறப்படும் கட்டுரைகளைக் கண்காணிக்கும் ரிட்ராக்ஷன் வாட்ச் அமைப்பும் வெளியிட்ட புலனாய்வு காட்டியது. குறிவைக்கப்பட்டவர்களில் சிறப்பிதழ்களின் விருந்தினர் ஆசிரியர்கள் அதிகம்.

சிறப்பிதழ்கள் கைவிட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்கு ஹிந்தாவி என்ற பதிப்பகம் சாட்சி. வைலி நிறுவனம் 2021இல் 29.8 கோடி டாலருக்கு அதை வாங்கியது. 2023 ஒரே ஆண்டில் அதன் இதழ்களிலிருந்து 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அந்த ஆண்டு முடிவதற்குள் ஹிந்தாவி என்ற பெயரையே கைவிடப்போவதாக வைலி அறிவித்தது.

## 'நான் கலந்துகொள்ளவில்லை' என்ற வரி

இனி மார்செய் கட்டுரைக்குத் திரும்பலாம். தலைமை ஆசிரியர் மதிப்பீட்டில் கலந்துகொள்ளவில்லை என்று சங்கம் சொன்னது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அதைச் சந்தேகிக்க எனக்குக் காரணம் இல்லை. அப்படியும் மூன்று கேள்விகள் பாக்கி இருக்கின்றன.

1. முடிவெடுத்தவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்? இணை ஆசிரியர், தலைமை ஆசிரியருக்குக் கீழே வேலை செய்பவர். மேலதிகாரியின் கட்டுரையைத் திருப்பி அனுப்பும் துணிச்சல் ஒருவருக்கு இருக்கலாம். ஆனால் அந்தத் துணிச்சலை நம்பி ஒரு நடைமுறையை வைக்கக் கூடாது. ஒரு கல்லூரியில் முதல்வரின் மகன் விடைத்தாளைத் திருத்த அதே கல்லூரி விரிவுரையாளரிடம் கொடுத்துவிட்டு, 'முதல்வர் தலையிடவில்லை' என்று சொன்னால் மற்றப் பெற்றோர் சும்மா இருப்பார்களா?

2. மதிப்பீட்டாளர்களின் பெயர் யாருக்குத் தெரியும்? 'எடிட்டோரியல் மேனேஜர்', 'ஸ்காலர்ஒன்' போன்ற மென்பொருள்களில், ஆசிரியரே கட்டுரையாளராக இருந்தால் அந்தக் கோப்பு அவர் கண்ணில் படாமல் மறைக்க முடியும். ஆனால் நிர்வாக ஆசிரியர் கண்ணிலிருந்து மறைக்க முடியாது. மறைத்தால் வேலை நடக்காது. அவரோ அதே தலைமை ஆசிரியரோடு தினமும் வேலை செய்பவர். திரை போட்டாலும், திரையின் இரண்டு பக்கமும் நிற்கும் ஒருவர் இருக்கிறார். தன் பெயர் தெரிந்துவிடுமோ என்று பயப்படும் இளம் மதிப்பீட்டாளர் கடுமையாக எழுதுவாரா?

3. வேகத்தை யார் தீர்மானித்தார்? பெருந்தொற்றின் தொடக்கத்தில் எல்லா இதழ்களும் அவசரப்பட்டன என்பது உண்மை. அதுவும் நியாயமான அவசரம். ஆனால் கணக்கில் வராத அந்த 6 பேர் கட்டுரைக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தார்கள். வெளியானதுமே பல விஞ்ஞானிகள் அதைச் சுட்டிக்காட்டினார்கள். இன்னும் இரண்டு நாள், இதழோடு தொடர்பில்லாத ஒருவர் கையில் இருந்திருந்தால் இந்தக் கேள்வி அச்சுக்கு முன்பே வந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

கட்டுரை கடைசியில் திரும்பப் பெறப்பட்டபோது சொல்லப்பட்ட காரணங்களில் நெறிமுறை ஒப்புதலும் நோயாளிகளின் சம்மதமும் பற்றிய கேள்விகள் முக்கியமானவை. ஆசிரியர் கட்டுரையாளராக இருந்தது காரணமாகச் சொல்லப்படவில்லை. இதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஒப்புதல் தேதி சரியா என்று வாசலிலேயே சரிபார்ப்பது அலுவலகத்தின் வேலை. எல்லோருடைய கட்டுரைக்கும் போடும் கேள்விகளை ஆசிரியரின் கட்டுரைக்கும் போடும் சுதந்திரம் அந்த வாசலில் நிற்பவருக்கு இருந்ததா என்று வெளியில் இருக்கும் நாம் தெரிந்துகொள்ள வழியே இல்லை. பிரச்சினை அதுதான்.

## விதிகள் எங்கே பலமாக இருக்கின்றன, எங்கே ஓட்டை?

பதிப்பு நெறிமுறைக் குழு 1997இல் பிரிட்டனில் மருத்துவ இதழாசிரியர்கள் சிலர் சேர்ந்து தொடங்கியது. தாங்கள் எழுதிய, குடும்பத்தார் அல்லது சக ஊழியர் எழுதிய கட்டுரைகளில் ஆசிரியர் முடிவெடுக்கக் கூடாது என்பது அதன் நிலைப்பாடு. மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு இன்னும் ஒரு படி மேலே போகிறது. முடிவுகளில் பங்கெடுக்கும் அலுவலக ஊழியர்களும் தங்கள் தொடர்புகளைத் தெரிவித்து விலக வேண்டும், ஆசிரியரும் ஊழியர்களும் தங்கள் ஆதாயங்களை அவ்வப்போது வெளியிட வேண்டும், விருந்தினர் ஆசிரியருக்கும் இதே விதிதான் என்கிறது. திறந்த அணுக்க இதழ்களைப் பட்டியலிடும் டி.ஓ.ஏ.ஜே. ஓர் எண்ணையே வைத்திருக்கிறது: ஆசிரியர், குழு உறுப்பினர், மதிப்பீட்டாளர் ஆகியோர் எழுதிய கட்டுரைகள் ஓர் இதழின் கடைசி இரண்டு வெளியீடுகளில் எதிலும் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

ஏட்டில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எத்தனை இதழ்களின் இணையப் பக்கத்தில் நிர்வாக ஆசிரியரின் ஆதாய அறிவிப்பைப் பார்த்திருக்கிறீர்கள்? பல இடங்களில் அவர் பெயரே இருக்காது. கட்டுரையாளரிடம் நான்கு பக்கப் படிவம் கேட்கும் இதழ், தன் அலுவலகத்தைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை.

இன்னொன்று. அறிவிப்பும் விலகலும் வெவ்வேறு. 'எனக்கு இந்த நிறுவனத்தோடு தொடர்பு உண்டு' என்று அறிவிப்பது வாசகருக்காக. முடிவிலிருந்து விலகுவது முடிவின் நேர்மைக்காக. பல இதழ்கள் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதும் முடிந்ததாக நினைக்கின்றன. விலகல் உண்மையானதாக இருக்க, தலைமை ஆசிரியரின் கட்டுரையை அவரால் நியமிக்கப்படாத வெளி ஆசிரியர் ஒருவர் கையாள வேண்டும். கோப்பை நடத்தும் ஊழியர் அந்த வெளி ஆசிரியருக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். கையாண்டவரின் பெயர் கட்டுரையோடு அச்சாக வேண்டும். பெயரைப் போடுவதற்குச் செலவே இல்லை. சில இதழ்கள் எல்லாக் கட்டுரைக்கும் ஏற்கெனவே போடுகின்றன.

## இந்திய ஆய்வாளருக்கு இது ஏன் இப்போது முக்கியம்?

எந்த இதழில் வெளியிட்டால் முனைவர் பட்டத்துக்கும் பதவி உயர்வுக்கும் செல்லும் என்று சொல்ல, பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் 'யு.ஜி.சி. கேர்' பட்டியலைக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய பட்டியலிலிருந்து 2018 மே மாதம் மட்டும் 4,305 இதழ்களை நீக்க வேண்டி வந்திருந்தது. 2025 பிப்ரவரியில் கேர் பட்டியலையும் கைவிட்டது. இதழைத் தரம் பார்க்கும் வேலை இப்போது கல்லூரிகளின் கைக்கும் ஆய்வாளர்களின் கைக்கும் வந்துவிட்டது. கட்டுரை அனுப்பும் முன் இவற்றைப் பார்த்துக்கொள்ளலாம்:

1. கடைசி ஓராண்டு இதழ்களை எடுத்து, ஆசிரியர் குழுவில் இருப்பவர்களின் பெயர் எத்தனை கட்டுரைகளில் வருகிறது என்று எண்ணுங்கள். ஒரு மணி நேர வேலை.

2. ஆசிரியர் எழுதிய கட்டுரையின் அடியில், அதை யார் கையாண்டார் என்று பெயரோடு போட்டிருக்கிறார்களா, 'கலந்துகொள்ளவில்லை' என்று மட்டும் நிறுத்திவிட்டார்களா என்று பாருங்கள்.

3. சிறப்பிதழ் என்றால், விருந்தினர் ஆசிரியரின் சொந்தக் கட்டுரைகளும் அவர் மாணவர்களின் கட்டுரைகளும் அதில் எவ்வளவு என்று பாருங்கள்.

4. 'கட்டுரை வந்த நாள்', 'ஏற்கப்பட்ட நாள்' இரண்டையும் ஒப்பிடுங்கள். ஆசிரியர் குழுவினரின் கட்டுரைகளுக்கு ஆன நாட்களையும் மற்றவர்களுடையதற்கு ஆன நாட்களையும் தனித்தனியாக. பெரும்பாலான இதழ்கள் இந்தத் தேதிகளை முதல் பக்கத்திலேயே அச்சிடுகின்றன. மார்செய் கட்டுரையிலும் இருந்தன: வந்தது 2020 மார்ச் 16, ஏற்கப்பட்டது மார்ச் 17.